பல் டொக்டர் கேட்ட கேள்வி

என்ரை குஞ்சு துளசிக்கு,

இன்று ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் உன் தங்கச்சியின் மானத்தை வாங்கிவிட்டேன். அவளுக்குப் பல்லுக்குத்து. உனக்கிருந்த அதே வருத்தம், அந்த எலும்பு நோய்தானே அவளுக்கும். "வேறை வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டதுதான் தாமதம், வெங்காய லொறிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன்.

"ஓம். எலும்பு கல்லு மாதிரி இறுகிற வருத்தம். பல்லைப் பிடுங்கிப் போடாதேங்கோ."

வாங்குகளில் காத்திருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தங்கச்சி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சுன்னாகச் சந்தைக்கும் கேட்டிருக்கும்."

கேட்கட்டும்.

அன்று, மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வர நாலு நாள் இருக்கையில் உன் கன்னம் வீங்கியது. பல்லில் கைவைக்க முன்னம் தங்களிடம் கேட்கவேண்டும் என்று பெரிய டொக்டர்மார் எத்தனை தரம் சொன்னவர்கள்? நான் உன்னை ஊர்ப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்தம். உன்னை உள்ளே கதிரையில் இருத்திவிட்டு, வாசலுக்கு வந்து இதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

பல்லைப் பிடுங்கினார். வீக்கமும் வற்றியது. அவர்கள் வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பல் இருந்த குழி மட்டும் மூடவில்லை. பிறகு அதற்குள் எலும்பு தெரிந்தது. நாடிக்குக் கீழே துளை விழுந்து சீழ் வந்தது. அந்த எலும்புக்குள் இரத்த ஓட்டம் குறைவு, மருந்து போய்ச் சேராது என்றார்கள். தாடையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். சம்பந்தம் சொல்லாமலே நின்றுபோனது.

சீழ் மணக்கும் என்று நீ யன்னல் பக்கம் திரும்பியே இருப்பாய். "அப்பா, உங்கடை முகத்துக்கு நான் இப்பவும் வடிவுதான்" என்றாய். அதுதான் நீ கடைசியாகக் கதைத்த பகிடி. பிறகு கொப்பியில்தான் எழுதினாய்.

ஒருநாள் எழுதிக் காட்டினாய்: "அண்டைக்குப் பல் டொக்டருக்கு என்ரை வருத்தத்தைச் சொன்னனீங்கள்தானே?"

"கண்ணாடி கொண்டுவரேல்லை, பிள்ளை. பிறகு பாக்கிறன்" என்றேன்.

அடுத்த கிழமை கிருமி இரத்தத்தில் ஏறி, நீ போய்விட்டாய்.

தங்கச்சியின் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றப் பார்க்கிறார்களாம். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டதோ என்று எக்ஸ்ரே படம் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சொல்வார்கள். இனி அவளை எங்கே கொண்டுபோனாலும், யார் நின்றாலும், கேட்க முன்னமே சொல்வேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

கண்ணாடி அன்று என் சேட்டுப் பையில்தான் இருந்தது. அந்த ஊர்ப் பல் டொக்டரிடம் நான் சொன்னது, "ஒரு வருத்தமும் இல்லை."

உன்ரை அப்பா