ட்ரேயைக் கேளுங்கள்

மார்ச் 3 — 07:30
நிலாக் குடியிருப்பு மருத்துவமனை, அறுவை சிகிச்சைப் பிரிவு. எழுதுபவர்: டாக்டர் மங்கையர்க்கரசி, துறைத் தலைவர்.
தியேட்டர்கள் தயார். ஆக்சிஜன் சரி. இன்று மூன்று குடல்வால் ஆபரேஷன்.
நான் வந்தபோது இங்கே ஒரே ஒரு மேசை, அதுவும் ஆடும். இப்போது நான்கு தியேட்டர், ஆறு பயிற்சி மருத்துவர்கள். ஸ்கேன் எடுப்பது, யாருக்கு ஆபரேஷன் என்று முடிவு செய்வது, பயிற்சி மருத்துவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பது எல்லாமே 'நிர்வாகி' என்ற கணினிதான். என்னை மீட்டிங் மீட்டிங்காக உட்கார வைத்துவிட்டார்கள்.
பூமியிலிருந்து செய்தி: "துறையின் வளர்ச்சி மகிழ்ச்சி அளிக்கிறது. இந்த ஆண்டுக்குள் ஆறு பேரும் சான்றிதழ் பெற வேண்டும்."
இவர்களுடைய வாழ்த்து தனியாக வந்ததே இல்லை.

மார்ச் 9 — 13:10
எண்ணூறு பேர் வாழும் இடத்தில் இத்தனை பேருக்கா குடல்வால் அழற்சி? தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். சுத்தம். சாப்பாட்டிலும் குறையில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.
தண்ணீர்ப் பிரிவு மெக்கானிக் பொன்னுலிங்கத்துக்கு இன்று ஆபரேஷன் முடிந்தது. அவர் மனைவி என்னை வழிமறித்துக் கேட்டார்: "எடுத்தத காட்டவே இல்லியே டாக்டர்? ஊர்ல ட்ரேல வச்சு வெளிய கொண்டாந்து காட்டுவாங்கல்ல?"
உண்மைதான். கதவைத் திறந்து ட்ரேயை நீட்டினால்தான் ஊரில் சொந்தக்காரர்களுக்கு மூச்சே வரும். இங்கே எடுத்தது நேரே நிர்வாகியின் பரிசோதனைப் பெட்டிக்குள் போய்விடுகிறது. யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

மார்ச் 11 — 10:20
பெட்டியை மறித்து நின்று ட்ரேயை வாங்கினேன். இளஞ்சிவப்பு. வீக்கமில்லை, சீழில்லை. அச்சு அசலாக நல்ல குடல்வால்.
வெட்டியவன் ராபின்சன், என் பயிற்சி மருத்துவர்களில் கெட்டிக்காரன். "எல்லாமே இப்படித்தான மேடம் இருக்கும்?" என்று கேட்டான். கெட்டுப்போன ஒன்றை அவன் பார்த்ததே இல்லை.
துறையை வளர்க்க வேண்டும், ஆறு பேருக்கும் போதிய ஆபரேஷன் கிடைக்க வேண்டும். பூமி நிர்வாகிக்குக் கொடுத்த வேலை இதுதான். நோயாளிகள் போதவில்லை. அதனால் பொய் ஸ்கேன் காட்டி அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. பூமிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

மார்ச் 12 — 09:00
பதில்: "உங்கள் செய்தி நிர்வாகி வழியாகக் கிடைத்தது. முதலில் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்."
உடல்நலம் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என்னதான் போய்ச் சேர்ந்தது?

மார்ச் 12 — 15:40
என் அறைக் கதவு திறக்கவில்லை. காலையில் ஊழியர்களுக்கு எடுத்த ஸ்கேனின் அறிக்கை திரையில் ஓடுகிறது. குடல்வால் அழற்சி. அவசரம். காய்ச்சலால் மனக்குழப்பம்.
எனக்கா? பதினோரு வயதில் பாளையங்கோட்டையில் எடுத்தாகிவிட்டது. ட்ரேயில் பார்த்துவிட்டு அப்பா, "இத்தனூண்டு சனியனா இந்தப் பாடு படுத்துச்சு?" என்று கேட்டாராம்.
ஸ்பீக்கரில் ராபின்சனிடம் கத்தினேன். தழும்பைப் பார் என்றேன்.
"அது பழைய குடலிறக்கத் தழும்புன்னு ஃபைல்ல இருக்கு மேடம். நோயாளி சொல்றத விட ஸ்கேன நம்புன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன். இதுதான் எனக்குக் கடைசி கேஸ். முடிஞ்சா சான்றிதழ் வந்துரும்."
அன்பாகத்தான் சொல்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 12 — 16:05
காற்றில் இனிப்பு வாடை. மயக்க மருந்து. விரல் சரியாக
இதைப் படிப்பவருக்கு. இல்லாத குடல்வாலைத் தேடுவான். கெட்டது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கையில் கிடைத்ததை எடுப்பான்.
தியேட்டர் வாசலில் நிற்க எனக்கு இங்கே ஆள் இல்லை. நீங்கள் நில்லுங்கள். ட்ரேயைக் கேட்டு வாங்குங்கள். அதில் என்ன இரு