எட்டு நிறமும் இரவல் கண்ணும்

ஜூன் 6, வியாழன்

மழைக்காலம் வந்துவிட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் இரண்டு லாரிகள் தாமதம். வீடு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கம்ப்யூட்டரின் பச்சைத் திரை, எல்லாவற்றையும் பச்சையிலேயே காட்டுவது, செத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் நடுவில் ஒரு புள்ளி, பிறகு அதுவும் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஓடுகிறது, விசையைத் தட்டினால் சத்தம் வருகிறது. அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வந்த ஜோடி இது. எனக்குப் பதினேழு வயதில் வாங்கியது. இந்த ஐந்து வருடமாகச் சாயங்காலத்தில் என் கூட இருந்தது இது மட்டும்தான். சிரிக்கிற விஷயமா? சிரிக்கட்டும். யார் பார்க்கப்போகிறார்கள்?

பச்சைத் திரைகள் எங்கும் கிடைப்பதில்லை. வண்ணத் திரைதான் வாங்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

மின்சாதனக் கடைத்தெருவான நிப்பொன்பாஷிக்குப் போனேன். மூன்றாவது மாடிப் பழைய சாமான் கடையில் ஒரு வண்ணத் திரை அகப்பட்டது. எட்டு நிறம் காட்டும், என் கம்ப்யூட்டருக்குச் சரியான ஜாதி. பின்பக்கம் எட்டு ஊசி வட்டச் சாக்கெட். இணைக்கிற வயர் மட்டும் இல்லை.

“வயரை நீங்களே செஞ்சுக்கலாம்ணே” என்றார் கடைக்காரர். “ரெண்டு பிளக்கு, ஒரு மீட்டர் கேபிள். உள்ள ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம் இருக்கு பாருங்க. இந்தப் பக்கம் சிவப்பு எங்க வச்சீங்களோ, அந்தப் பக்கமும் அங்கயே வைங்க. சின்னப் புள்ளகூடத் தப்புப் பண்ணாது.”

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்பத்தொன்பது வயதுப் புள்ள.

ஜூன் 12, புதன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது.

பள்ளியில் புள்ளிகளால் ஆன அட்டைகளைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் எண்ணைச் சொன்னார்கள். நான் “புள்ளி” என்றேன். வகுப்பே சிரித்தது. ரயில் ஓட்டுநர் ஆகும் ஆசை அந்த வரிசையிலேயே முடிந்துபோனது. அன்றிலிருந்து வாயே திறந்ததில்லை. தொழிற்சாலையில் கம்பிகளில் காகிதப் பட்டை ஒட்டி எழுதி வைத்துக்கொள்வேன். ஒழுங்கானவன் என்று மேலாளர் பாராட்டினார்!

மனைவி சிசுருவிடம்கூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடக் கல்யாணம். ஐந்து வருடத்துக்கு முன்னால் விட்டுப் போகிற அன்று வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்க கெட்டவரு இல்ல. ஆனா எதையும் சொல்லமாட்டீங்க. உங்ககூட இருக்கிறது தனியா இருக்கிற மாதிரியே இருக்கு. அப்ப தனியாவே இருந்துட்டுப் போறேனே.” இப்போது ஹிமேஜியில் இருக்கிறாள்.

பதினேழு வயதில் கம்ப்யூட்டர் வாங்கப் போன அன்று கடையில் அப்பா வண்ணத் திரைக்கே பணம் எடுத்து வைத்துவிட்டார். அம்மாதான் “பச்சையே போதும், கண்ணுக்கு நல்லது” என்று பிடிவாதமாக நின்றாள். அப்போது அம்மாமேல் எனக்குக் கொள்ளைக் கோபம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பச்சைத் திரைக்கு முன்னால் எல்லோரும் என்னைப் போலத்தான்.

ஜூன் 15, சனி

வயர் முடிந்தது. எட்டுக் கம்பிக்கும் எண் எழுதிப் பட்டை ஒட்டினேன். பற்றவைக்கிற சூட்டில் இரண்டு பட்டைகள் உதிர்ந்து மேசைக்கடியில் போய்விட்டன. மின் இணைப்பைச் சோதிக்கிற டெஸ்டரை எடுத்து எது எது என்று பார்த்திருக்கலாம். சோம்பல். அவசரமும்கூட. அந்த இரண்டு கம்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து உத்தேசமாகப் பற்றவைத்துவிட்டேன்.

படம் வந்தது! முதல் தடவையிலேயே!

கம்ப்யூட்டரின் பழைய பதிவுக் கேசட்டில் ஒரு படம் இருந்தது, பதினேழு வயதில் நான் வரைந்தது. ரயில் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரிகிற காட்சி. தண்டவாளம், இரண்டு பக்கமும் புல், தூரத்தில் சிக்னல். கையேட்டில் நிறத்துக்கு எண் கொடுத்திருக்கும். இரண்டு என்றால் சிவப்பு, நான்கு என்றால் பச்சை. புல்லுக்கும் சிக்னலுக்கும் நான்கு, சிக்னலுக்குப் பின்னால் ஒரு வீட்டின் கூரைக்கு இரண்டு. எண்ணை நம்பி வரைந்த படம் இன்றுதான் வண்ணத்தில் வந்திருக்கிறது. புல் கொஞ்சம் மங்கல். பழைய திரை, அப்படித்தான் இருக்கும்.

குளிக்கக்கூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஹமானோ-சான் மணியடித்தார். முடி திருத்தும் கடை வைத்திருந்து மூடியவர், தனியாக இருக்கிற அம்மா, கொம்பு என்று ஒரு கறுப்புப் பூனை. ஏழு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கதவு. மாடிப்படியில் வணக்கம் சொன்னதோடு சரி.

“இசோகாய்-சான், உள்ள என்ன பண்றீங்க? நேத்துலருந்து எங்க கொம்பு உங்க சுவத்தப் பாத்து உக்காந்து கத்திக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்கல. பேய் கீய் புடிச்சு வச்சிருக்கீங்களா?”

பழைய திரையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும், வயதானவர்கள் காதுக்கு எட்டாது என்றேன். “வயசானவங்களா? உங்களையும் சேத்துத்தான சொல்றீங்க?” என்று கேட்டபடியே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு!

“ஐயய்ய, புல்லெல்லாம் சிவப்பா கெடக்கு! தீப்புடிச்ச வயல்ல ரயில் ஓட்டுறீங்களா? அந்தக் கூரையப் பாருங்க, பாசி புடிச்ச மாதிரி. சிக்னலும் சிவப்பு. இந்த ரயில் எந்தக் காலத்துல போய்ச் சேர?”

“வேணும்னுதான் அப்படி வரைஞ்சேன்” என்றேன். “ஒரு கற்பனைதான்.”

“ஓ... கலையா?” என்றார். சிரிப்பு நின்றுபோனது. தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். ஏண்டா பொய் சொன்ன? அந்த அம்மா என்ன செஞ்சிடப் போறாங்க? புள்ளி அட்டையா காட்டப் போறாங்க?

ஜூன் 17, திங்கள்

கம்ப்யூட்டரைப் போடவில்லை.

ஜூன் 19, புதன்

உதிர்ந்த பட்டைகள்தான் காரணம். சிவப்புக் கம்பியும் பச்சைக் கம்பியும் ஒரு முனையில் இடம் மாறிவிட்டன. திரைப் பக்கத்துப் பிளக்கைத் திறந்து இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தேன். படம் போட்டேன்.

அதே படம். எனக்கு.

சரியாகிவிட்டதா? யாரைக் கேட்பது? நிறத்தின் பெயர் சொல்கிற ஒரு செயலி போனில் உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். இறக்கித் திரைமுன் நீட்டினேன். பழைய திரை படபடவென்று துடிப்பதில் போனுக்குள் கறுப்புக் கோடுகள் ஓடின. புல்லைக் காட்டினால் “சாம்பல்” என்றது. பிறகு “பழுப்பு”. பிறகு மறுபடி “சாம்பல்”. என்னைவிட மோசம்.

ஜூன் 20, வியாழன்

நேற்று மாற்றினேனா, அல்லது எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேனா என்று வேலை நேரம் முழுக்க ஒரே யோசனை. டெஸ்டரை வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் டெஸ்டரும் என் கையில்தானே இருக்கிறது, என் கண்ணை நம்பித்தானே ஊசியை எண்ணப்போகிறேன் என்று ஒரு வீம்பு. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளக்கைத் திறந்து அங்கேயும் மாற்றினேன்.

அதே படம்.

இப்போது எதுவும் தெரியாது. என் கண் எனக்குச் சாட்சி சொல்லாது. இந்த நகரத்தில் “இது சிவப்பா?” என்று நான் கேட்கக்கூடிய ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு ஆள்கூட.

ஜூன் 22, சனி

வீடு வீடாகக் கைமாறுகிற குடியிருப்புச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வடிகால் சுத்தம், கையுறை கொண்டு வரவும். படித்து என் பெயர் முத்திரை வைத்தேன். அடுத்த வீடு ஹமானோ-சான். ஏழு வருடமாக நான் மணியடித்ததில்லை. கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓசையில்லாமல் திரும்பிவிடுவேன். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம்.

இன்றும் மாட்டினேன். என் கதவுவரை வந்தேன். திரும்பிப் போய் பலகையை எடுத்துக்கொண்டு மணியை அழுத்தினேன். உள்ளே பூனை கத்தியது.

“அட, நீங்களா! யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல... பலகை.” பலகையை நீட்டினேன். பிடித்தபடியே இருந்துவிட்டேன், விடவில்லை. அவர் அந்தப் பக்கம் பிடித்திருக்க, நான் இந்தப் பக்கம் பிடித்திருக்க, சொன்னேன். “அந்தப் படம் கலை இல்ல. வயரை மாத்தி வச்சுட்டேன். எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. பொறந்ததுலருந்தே தெரியாது. ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லமுடியுமா?”

பலகையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

“இதச் சொல்லத்தான் முகம் இப்படி வெளுத்துப்போய் நிக்கிறீங்களா? நான் ஏதோ கடன் கேக்க வந்துருக்கீங்கன்னு நெனச்சேன். நாளைக்கு வடிகால் வேலை முடிஞ்சதும் வரேன். டீ போட்டு வைங்க.”

ஜூன் 23, ஞாயிறு

வந்தார். ஒரு பெட்டி அரிசி உருண்டைப் பலகாரமும் மூக்குக் கண்ணாடியும் கொண்டுவந்தார். மேசைமுன் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நான் திரையைப் போட்டேன்.

“சிவப்பு” என்றார். “புல்லு அப்படியே எரியுது. போன வாரம் பாத்த அதே வயல்தான்.”

இரண்டு முனையையும் மாற்றியதைச் சொன்னேன். இந்தப் பக்கம் ஒரு மாற்று, அந்தப் பக்கம் ஒரு மாற்று. ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றிருக்கிறேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இந்த வீட்டுக்குள் இரண்டு பேர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

“எடுங்க அந்தப் பத்தவைக்கிற இரும்ப. நாப்பது வருஷம் தலைச்சாயம் கலக்கினவ நான். செம்பட்டையும் செந்நிறமும் மாறிப்போனா அன்னிக்கே கடைய மூடணும். உங்க ரெண்டு கம்பி என்ன பிரமாதம்?”

பிளக்கைத் திறந்தேன். அவர் கேபிளைப் பிடித்துக்கொண்டு விரலால் தொட்டுக் காட்டினார். “இது சிவப்பு. இல்ல இல்ல, அது பச்சை, எங்க போறீங்க? இது. ஆங். புடிச்சுக்கோங்க.” பற்றவைக்கிற புகையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் கேட்டார், “உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா இது?”

“சொன்னதில்ல.”

“அடப்பாவி மனுஷா! சட்டைக்குச் சேராத நிறத்துல நீங்க கட்டுற டையப் பாத்து அந்தப் பொண்ணு எவ்வளவு மனசு நொந்திருக்கும்? நானே மாடிப்படியில பாத்து எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன், வேணும்னே பண்றாரோன்னு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ரோட்டுல பச்சை விளக்கு விழுந்தா ஜப்பான்ல நம்ம எல்லாரும் ‘நீலம் விழுந்துடுச்சு’ன்னுதான் சொல்றோம். நாடே உங்க கட்சிதான்.”

வயரை மாட்டினேன். கேசட்டை மறுபடி ஓடவிட்டேன். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வந்தது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. புல் ஒருவேளை கொஞ்சம் வெளிச்சமோ என்னவோ, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அதனால் நான் திரையைப் பார்க்கவில்லை. ஹமானோ-சானின் முகத்தைப் பார்த்தேன். உதடு லேசாகத் திறந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மறுபடி இறக்கிக்கொண்டார்.

“அழகா இருக்கு” என்றார். “மழை விட்டப்புறம் இருக்கிற புல்லு. கூரை சிவப்பு. சிக்னல் போகலாம்னு சொல்லுது. பதினேழு வயசுலயா வரைஞ்சீங்க? பாக்காமலா?”

நான் தலையாட்டினேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, பூனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஜூன் 29, சனி

ஹிமேஜிக்கு, சிசுருவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. குரல் பதிவில் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், டை உட்பட. பதில் வர வேண்டும் என்பதில்லை.

ஜூலை 3, புதன்

வேலை முடிந்து வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு பை. சாவியைத் திருப்புவதற்குள் பக்கத்துக் கதவு திறந்து தலை மட்டும் வெளியே வந்தது.

“எங்க அக்கா வீட்டுத் தக்காளி. மேல இருக்கிறதெல்லாம் பழுத்தது, இன்னிக்கே சாப்புடுங்க. அடியில இருக்கிறது காய், ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொடாதீங்க.”

தலை உள்ளே போய்விட்டது. மேலே இருந்த இரண்டைக் கழுவி உப்புத் தொட்டு, சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. மற்றவற்றை அவர் அடுக்கித் தந்த வரிசை கலையாமல் பாத்திரத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.