கீழ்முனையைப் பிடித்தவர்

அன்புள்ள அக்கா,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே. அம்மாவின் கடிதங்களை அறைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறாய். இதை மட்டும் அப்படிச் செய்யாதே, உன் காலில் விழுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் உறையில் இருக்கிறது, காலையில்தான் ஒட்டுவாள். அதன் மடிப்புக்குள் இதைச் செருகிவிடலாம் என்றிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரைப் போட்டு வீடே சேர்ந்து கத்துவதுதானே. எல்லோரும் தூங்கியபிறகு சமையலறையில் டின் மூடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அம்மாவின் கடிதம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா, நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம், அப்பா உடல் தகுதிச் சோதனையில் தேறிவிட்டார், இனிமேல் நீ நிம்மதியாக இரு. தேறினார் என்பது உண்மைதான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுப் படியில் அப்பா சறுக்கி விழுந்தாரே, அதிலிருந்து கழுத்தில் ஏதோ நரம்பு நசுங்கி இடது கை சரியில்லை என்று உனக்குத் தெரியும். சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பார்கள். ஆகவில்லை அக்கா. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள், நான் பார்க்கும்போது காலரைச் சரிசெய்வதுபோல நடிக்கிறாள். ஒருநாள் பால் பாத்திரம் அவர் கையிலிருந்து தானாக நழுவியது. அது விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது. அம்மா ஓடிவந்தபோது, "கைதான் தூங்குது, நான் முழிச்சிக்கிட்டுதானே இருக்கேன்" என்று சிரித்தார். ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவருக்குக் கை தூங்கலாமா, நீயே சொல். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் சோதனையில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போனை எடுக்கும் அறையில் ஒரே ஒரு நாற்காலி, உட்கார்ந்தே செய்யும் வேலை, காலியாக இருந்தது. அதைக் கேளுங்கள் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டு ஊரார் அலறலைக் கேட்க என்னால் முடியாது, ஓடிப்போய்த் தூக்கத்தான் தெரியும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார்.

சோதனைக்கு வீட்டிலிருந்து ஒருவர் கூட வரலாம் என்றார்கள். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, அதனால் நான் போனேன். ஒல்லி மாமாவுக்கும் அன்றைக்கே சோதனை, அவர் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை, வயது காரணமாக எல்லோருக்கும் வைப்பதுதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவோடு ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிப்பவர், இப்போதும் கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைகிறார், பேர் மட்டும் ஒல்லி. சோதித்தது ஒரு பிசியோதெரபி டாக்டர் அம்மா. நல்லவர் அக்கா, அவர்மேல் குறையே சொல்ல முடியாது. ஒரு கைப்பிடிக் கருவியை அழுத்தச் சொன்னார். அப்பா வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே வெந்நீரில் கையை ஊறவைத்திருந்தார், முகம் சிவக்க அழுத்தி எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். வலித்தால் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தினால் தோற்றதாக அர்த்தம் இல்லை, எதுவரை முடியும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது என்று அந்த டாக்டர் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. நிறுத்தினால் வேலை போச்சு என்றே நினைத்துக்கொண்டு, வலியா, எனக்கா என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

கடைசியில்தான் ஸ்ட்ரெச்சர். ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்துக் கட்டி, மாடியிலிருந்து கீழே கொண்டுவரச் சொன்னார். இருவருக்கும் அதுதான் கடைசிச் சோதனை, வழக்கமாக எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள் என்றார். படியில் இறங்கும்போது பாரம் முழுக்கக் கீழ்முனையைப் பிடித்தவர்மேல்தான் சரியும், நம் பழைய பீரோவை இறக்கியபோது நீ கீழே மாட்டிக்கொண்டு கத்தினாயே, அதேதான். ஒல்லி மாமாவுக்கு முழங்கால் மக்கர் என்பதால் அப்பாதான் என்றைக்கும் கீழ்முனை. நான் மேல் படியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன். அப்பா கீழ்முனைக்குப் போனார். ஒல்லி மாமா இடுப்பால் அப்பாவை ஓர் இடி இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் குனிந்துகொண்டார். அப்பா அவர் முகத்தையே பார்த்தார். டாக்டர் அம்மா காத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா மேல்முனைக்கு வந்துவிட்டார்.

இறங்கினார்கள். அப்பாவின் இடது கை சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத் தெரிந்தது. ஒல்லி மாமா மூச்சு வாங்க வாங்க, டேய் மெதுவா வாடா, மணலுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல என்று கிண்டல்வேறு செய்தார். கடைசித் திருப்பத்தில் அவர் முழங்கால் மடங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரை விடவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்து நெஞ்சால் தாங்கிக்கொண்டார். டாக்டர் அம்மா ஓடிவந்து பிடித்தார், கட்டிடக் காவலாளி ஓடிவந்தார். அப்பா மேலே நின்றபடியே இருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை.

முடிவு வந்தது. அப்பா தகுதி உள்ளவர், ஒல்லி மாமா இனிமேல் தூக்கக்கூடாது. போன் அறையில் காலியாக இருந்த அந்த நாற்காலி இப்போது ஒல்லி மாமாவுக்கு. அப்பாவைக் காப்பாற்றப் போய்த் தன்னைக் கெடுத்துக்கொண்டார் மாமா. ஆனால் அப்பாவும் காப்பாற்றப்படவில்லை அக்கா, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அப்பா பலசாலி என்று எழுதிவைத்துவிட்டார்கள் இல்லையா, அதனால் புதிதாகச் சேர்ந்த பெண்ணை அவரோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். உன்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம், என்னைப்போலவே குச்சி மாதிரி இருக்கிறாள். அவளை யார் கீழ்முனையில் நிற்கவிடுவார்கள்? அப்பாதான் நிற்பார். மணல் மூட்டையில்லை, ஆள். கை நழுவியது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நேற்று சாயங்காலம் ஒல்லி மாமா நொண்டிக்கொண்டே வந்தார். நான் அடுத்த அறையில் பாடம் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பா அவரிடம் சொன்னார். மாமா முழங்காலைத் தடவிக்கொண்டே, "சொல்லிட்டா என் முழங்கால் திரும்பி வந்துருமாடா? ரெண்டு பேரும் வண்டியை விட்டு இறங்குறதுக்கு ஒருத்தன் இறங்குனா போதும். வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். அப்புறம், நாற்காலி நல்லா மெத்துன்னு இருக்கு, எனக்குன்னே செஞ்ச மாதிரி என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாமா போனபிறகு அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளே இருந்தார். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று எப்போதும் சத்தம் போடும் அம்மா, நேற்று கதவுக்கு வெளியே சும்மா நின்றுகொண்டிருந்தாள். அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டேதான் இனிமேல் நிம்மதியாக இரு என்று உனக்கு எழுதச் சொன்னாள்.

நான் அந்த டாக்டர் அம்மாவிடம் போய்ச் சொல்லட்டுமா? சொன்னால் அப்பாவுக்கும் வேலை போய்விடும், ஒல்லி மாமா ஏமாற்றினார் என்று அந்த நாற்காலியையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதுவும் பெற்ற பெண்ணே சொல்லி. சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் வீட்டு அம்மாவோ அப்பாவோ அந்த ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்டுக் கிடப்பார்கள், கீழே நம் அப்பா. நீ சொன்னால்தான் அவர் கேட்பார், சின்ன வயதிலிருந்தே உனக்கு மட்டும்தான் மறுபேச்சு பேசமாட்டார். திங்கட்கிழமைதான் வேலையில் சேர்கிறார். கடிதம் அதற்குள் உன் கைக்கு வருமா தெரியவில்லை. வந்தால் உடனே கூப்பிடு, ஸ்பீக்கரை எடுத்துவிட்டு அவரிடம் மட்டும் பேசவேண்டும் என்று சொல். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே. அம்மாவின் ஆசீர்வாதமெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே, அதையே நானும்

வாசல் கதவைத் தட்டுகிறார்கள் அக்கா. ஜன்னலில் வண்டி விளக்கு சுழல்கிறது. அந்தப் புதுப் பெண்ணின் குரல்தான், இன்றிரவு அவளோடு தூக்க வேண்டிய ஆள் வரவில்லையாம், பக்கத்தில் அப்பா வீடுதான் இருக்கிறதாம், நோயாளி இருப்பது நாலாவது மாடியாம், லிஃப்ட் ஓடவில்லையாம். அப்பா ஒன்றுமே கேட்காமல் செருப்பைத் தேடுகிறார். அம்மாவும் எழுந்துவந்து அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். யாருமே சொல்லமாட்டார்கள். நானே போய் அந்தப் பெண்ணிடம்