மாற்றி எழுதிய முதல் தாள்

நண்பனே,

நேற்று பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற பெண் செம்பைச் சாய்த்து என்மேல் பன்னீர் தெளித்தாள். அந்த வாசனையைத் தாங்க முடியவில்லை. இலையில் உட்காராமலே வேலூருக்கு வண்டியேறிவிட்டேன். உன் சட்டையிலிருந்து எப்போதும் வீசும் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் ஒருநாளும் என்னை அப்படி விரட்டியதில்லை.

வெள்ளைக்காரச் சர்க்காரின் புதுச் சட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தால் சட்டசபைக்கு ஓட்டு உண்டு என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நீ. பட்டியலில் உன் பெயரைப் பார்க்கத் தாலுகா கச்சேரிக்குப் போனாய். பார்த்தாய். பக்கத்தில் இன்னொரு பட்டியல் தொங்கியது. மேல்சபைக்கு ஓட்டுப் போடுகிற சொத்துக்காரர்களுடையது. ஒற்றைத் தாள். அதில் உன் முதலாளியின் பெயர் இருந்தது. ஆம்பூரில் அவர் தோல் கிடங்கில் வேலை செய்யும் ஒருவர் பெயரும் இல்லை.

அங்கிருந்து நேரே வேலூர் கோர்ட்டு வாசலுக்கு வந்தாய். நான் மனு எழுதிப் பிழைக்கும் இடம் அது.

"கீழ்ச்சபையில நம்ம ஆளு ஒண்ணு சொன்னா, மேல குந்திக்கினு வாணாம்னு சொல்ல அவங்களுக்கு மட்டும் தனி ஓட்டா? இது இன்னா நாயம்? எழுது தோஸ்த்."

எழுதினேன். வயது வந்த எல்லாருக்கும் மேல்சபைக்கும் ஓட்டு வேண்டும், முடியாதென்றால் அந்தச் சபையே வேண்டாம் என்று நீ சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் முதல் தாளில் எழுதினேன். பின்னால் வைத்த தாள்களில் ஆம்பூர்த் தொழிலாளர்கள் ரேகை வைத்தார்கள். சுண்ணாம்பு அரித்த கட்டைவிரல்களில் பாதிக்கு ரேகையே விழவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார்கள்.

மேல்சபைக்கு நின்ற பெரிய மனிதர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் வேலூர் பங்களாவில் நம் இருவரையும் தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். அவர் வந்தார், மூக்கைச் சுளித்தார், வேலைக்காரனைப் பார்த்தார். அவன் பன்னீர் கொண்டுவந்து உன்னைச் சுற்றித் தெளித்தான். மாட்டுக் கொட்டகையில் சாம்பிராணி போடுவதைப் போல. நீ அசையாமல் நின்றாய்.

"எழுதினவர் மட்டும் உள்ளே வரலாம்" என்றார்.

நான் உள்ளே போனேன். அவர் கொடுத்த காப்பியையும் குடித்தேன்.

"கடைசி வரி ரொம்பக் கடுமையா இருக்கே. கொஞ்சம் மரியாதையா மாத்திக் குடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல வேறு தாளில் எழுதினேன். 'தங்களைப் போன்ற பெரியோர் மேல்சபையில் இருக்க எங்களுக்கு ஒரு குறையுமில்லை' என்பது அதில் ஒரு வரி. பழைய முதல் தாளை உருவி, இதைச் செருகித் தைத்தேன். வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "வாங்கிக்கினாரா?" வாங்கிக்கொண்டார் என்றேன். அது பொய்யில்லை. அதனாலேயே இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து உங்கள் கிடங்குச் சுவரில் அவருடைய தேர்தல் நோட்டீசு ஒட்டப்பட்டது. தோல் தொழிலாளர்களின் பணிவான விண்ணப்பம் என்று நம் மனு அச்சாகியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். நீ எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டுப் படித்தாய். அன்று நான் ஆம்பூர் வந்திருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினாய். முதலிலிருந்து மறுபடி கூட்டினாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய்.

"ரேகை எங்களுது. அதுக்கு மேல யாரு பேச்ச வெச்ச நீ?"

 நீ அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு நீயே கோணல் எழுத்தில் இரண்டாவது மனு எழுதினாய். முதலாளிக்குத் தெரிந்தது, வேலை போயிற்று. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று கிடங்கு கிடங்காக நடந்து ரேகை வாங்கினாய். சிலர் கதவையே திறக்கவில்லை. கிடைத்ததைப் பட்டணத்தில் சர்க்காருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாய். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. பங்களாக்காரர் ஜெயித்தார். மேல்சபைப் பட்டியல் இன்றைக்கும் அதே ஒற்றைத் தாள்தான்.

போன ஆவணியில் பேரணாம்பட்டில் காய்ச்சலோடு கிடக்கிறாய் என்று கேட்டு ஓடிவந்தேன். கண்ணைத் திறந்து, "மூணாவது மனு நீ எழுது. ஆனா படிச்சுக் காட்டிட்டு எழுது" என்றாய். மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நீ இல்லை.

மூன்றாவது மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் கிடங்குத் தொழிலாளர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். ரேகைகளைத் தனித்தாளில் வாங்குவதில்லை. ஆளுக்கு ஒரு தாள். கோரிக்கை மேலே, கட்டைவிரல் அதே தாளின் கீழே. ஒவ்வொரு தாளிலும் முழு மனுவையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் கை வீங்கிப்போகிறது. எவனாவது ஒரு வரியை உருவ நினைத்தால், ஒரு மனிதனின் ரேகையையும் சேர்த்துத்தான் கிழிக்க வேண்டும்.