தெற்கே தண்ணீர் வெளுத்தால்

யெரிங்டன்,
மார்ச் 3

அன்புள்ள கர்ட்டிஸ்,

இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. நீயும் பெத்தும் என் பேத்தி டெஸ்ஸும் அந்த மெய்ன் மாநிலத்துப் பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் சாப்பிட உட்காருகிறேன். உன் கடிதமும், ஏப்ரல் விடுமுறைக்கு நீ போட்ட பயணத் திட்டமும், டெஸ் எழுதிய அட்டையும் ஒரே உறையில் திங்கட்கிழமை வந்தன. மூன்று நாளாக அவற்றை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வருகிறேன், இன்றைக்குத்தான் பேனாவை எடுக்கத் தைரியம் வந்தது.

முதலில் உன் திட்டம். கணினியைப் பார்த்துப் போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஏப்ரலில் ஏஞ்சல் ஏரிக்கு எப்படியப்பா போவாய், அந்த மலைப்பாதை ஜூன் வரை பனியில் மூடிக் கிடக்குமே, இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடவா மறந்துபோகும், அதை அடித்துவிடு. வாக்கர் ஏரியில் ஒரு இரவு கூடாரம் போடுவது நல்லதுதான், ஆனால் தூண்டிலை வண்டியை விட்டு இறக்காதே, உப்பு ஏறி அங்கே மீன் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. டோப்பாஸ் ஏரிக்கு இரண்டு இரவு என்று எழுதியிருப்பதை மூன்றாக்கு, அங்கே கரையில் நின்றே டெஸ் மீன் பிடிக்கலாம், பிடித்ததை நான் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருகிறேன். பகலில் சட்டையைக் கழற்றலாம் போல இருக்கும், விடிவதற்குள் வாளித் தண்ணீர் உறைந்துவிடும், அதனால் குழந்தைக்குக் கம்பளிக் காலுறை நான்கு ஜோடியாவது எடுத்து வா. கடையில் விற்கிற கூடார முளை நம் மணலில் நிற்காது, உன் அப்பாவின் நீள இரும்பு முளைகள் கொட்டகையில் அப்படியே இருக்கின்றன. அவருடைய ஏணியும் அங்கேதான் இருக்கிறது.

கடைசி வரியில் பிரமிட் ஏரி என்று எழுதி, அதன்மேல் இரண்டு கோடு போட்டு, அங்கே மட்டும் வேண்டாம்மா என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதை நான் புரிந்துகொள்கிறேன். என்னை உட்காரவிடாமல் செய்தது டெஸ்ஸின் அட்டை. தான் ஏணியில் ஏறப்போவதில்லை, தாத்தா மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கமாட்டேன், அதனால் பாட்டி பயப்பட வேண்டாம் என்று பச்சைப் பென்சிலில் எழுதியிருக்கிறாள், கீழே ஏணியும் வரைந்திருக்கிறாள், அதன்மேல் ஆள் இல்லை. கர்ட்டிஸ், அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

நீ எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனால் டெஸ்ஸிடம் நீ சொல்லவேண்டியிருக்கும், அதனால் முழுதாக எழுதுகிறேன். அந்த ஏரியில் பெரிய மீன் கரையோரத் திட்டின் விளிம்பில்தான் போகும், விளிம்புக்கு அப்பால் ஒரே ஆழம். அதனால்தான் எல்லோரும் மார்பு வரை ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஏணியை ஊன்றி, அதன்மேல் நின்று தூண்டில் வீசுகிறோம். ஏணிமேல் நிற்பவன் கண் நூலில் இருக்கும், தெற்கே பார்க்கமாட்டான், காற்று தெற்கே இருந்துதான் வரும். அதனால் நம் வீட்டில் ஒருவர் ஏணியில் என்றால் ஒருவர் வண்டியில். காற்றில் அலை நுரைத்துத் தெற்கே தண்ணீர் வெளுத்தால் இரண்டு தடவை ஹாரன் அடிக்கவேண்டும், ஏணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். வண்டியில் இருப்பவர் ஜன்னல் கண்ணாடியை நான்கு விரல் இறக்கியே வைத்திருக்கவேண்டும், எவ்வளவு குளிரானாலும், ஹீட்டர் போட்டிருந்தாலும். சூட்டில் கண் சொருகிவிடும் என்று உன் அப்பா வைத்த சட்டம் அது. நீ சின்னவனாக இருந்தபோது பற்கள் தந்தியடிக்க அந்தக் கண்ணாடியோடு சண்டை போடுவாய்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த பிப்ரவரிக் காலையில் எனக்குக் காது வலித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு என்றுதான் நினைத்தேன். விழித்தபோது காற்றில் வண்டி ஆடிக்கொண்டிருந்தது, தண்ணீர் முழுக்க வெள்ளை, ஏணி சாய்ந்து அதன் ஒரு கால் மட்டும் மேலே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஹாரன் அடித்தேன். கையை எடுக்காமல் அடித்தேன். வடக்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடி வந்து அவரை இழுத்துப் போட்டார்கள். என்ன நடந்தது என்று ஷெரிஃப் ஆபீஸ் பையன் கேட்டபோது, “நான் அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன், அவரு வரலை” என்றேன். அந்த இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவன் அப்படியே எழுதிக்கொண்டான்.

அடக்கத்தன்று நீ எழுந்து நின்று, “எங்கப்பா என்னிக்குமே யார் சொல்லையும் கேட்டதில்ல, அன்னிக்கு மட்டும் கேட்டுடுவாரா” என்றாய். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் இரண்டு வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன். பிடிவாதக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை, பல்வலிக்கு வைத்தியரிடம் போகமாட்டார், வழி தெரியாவிட்டாலும் யாரையும் கேட்கமாட்டார். அதனால்தான் என் பொய்யை எல்லோரும் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள். செத்துப்போன மனிதர் மேல் என் குற்றத்தை ஏற்றிவிட்டு, அவர் கோப்பையிலேயே காபி குடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நீ வராமல் இருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். போனில் பேச மனம் வரவில்லை என்றால் பேச வேண்டாம். ஆனால் வருவதாக இருந்தால், டோப்பாஸ் முடிந்த பிறகு ஒரு காலை பிரமிட் ஏரிக்குப் போகலாம் என்று கேட்கிறேன். அந்த ஏரி பையூட் பழங்குடி மக்களுடையது, அவர்களிடம் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடு. ஏணியில் நீ நில். வண்டிக்குள் நான் உட்காரமாட்டேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன், டெஸ் என் பக்கத்தில் நிற்கட்டும், தெற்கே எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டுகிறேன். அது உனக்கு முடியாது என்றாலும் சரி, நீ போட்ட கோடு அப்படியே இருக்கட்டும்.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், பெத்தின் முதுகுவலி குறையட்டும், டெஸ் நெடுநெடுவென்று வளரட்டும். காலுறையை மறந்தாலும் மறந்துவிடு, இதை மட்டும் மறக்காமல் இன்றைக்கே டெஸ்ஸிடம் சொல்: முப்பத்தொரு வருடம் நான் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், முதல் ஹாரனுக்கே அவள் தாத்தா திரும்பிக் கையை உயர்த்திவிடுவார், இரண்டாவதை அடிக்க எனக்கு ஒருநாளும் வேலை வைத்ததில்லை.

உன் அம்மா,
ஆர்லீன்