பெண்ணைத் தூக்காத தாய்மாமன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.2.2024

சிரஞ்சீவி தாமோதருக்கு அக்கா ஜயலக்ஷ்மியின் ஆசீர்வாதம்.

போனை நீ எடுப்பதில்லை. பக்கத்து ஊருக்குத் தபால் போட வைத்துவிட்டாய். என் பெண் கல்யாணம் முடிந்து இத்தனை நாளாகியும் எனக்கு மனசு அடங்கவில்லையடா. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டிய தாய்மாமன் ஓரமாக ஒதுங்கி நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? கடைசியில் உன் அத்திம்பேரின் தம்பி லக்ஷ்மண் தூக்கினான். ஸ்ரீப்ரியாவின் முகத்தைப் பார்த்தாயா?

நிச்சயதார்த்தத்தின்போது உன் மார்பில் அக்கி கொப்பளித்திருந்தது. அவளுக்கு அம்மை வந்ததே இல்லை, அதனால் வராதே என்றேன். அதற்குப் பழிவாங்க மணமேடைதானா கிடைத்தது? கொப்புளம் எல்லாம் உதிர்ந்து தோல் சுத்தமாக இருந்ததை நானே பார்த்தேன்.

ஜயா

இராஜபாளையம்
27.2.2024

அக்காவுக்கு நமஸ்காரம்.

நிச்சயதார்த்தத்துக்கு வராதே என்றாயே, அது சரிதான். கொப்புளம் காயும்வரை அம்மை வராதவர்களுக்குத் தொற்றும் என்று இங்கேயும் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கல்யாணத்தன்று காலையில் உன்னிடம் வந்து, "மேல்துண்டு பட்டாலே நெருப்பா எரியறது அக்கா, என்னால தூக்க முடியாது" என்றேன். "நடிக்காதேடா" என்றாய், எல்லோரும் கேட்கும்படி. ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

தாமு

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.6.2024

என் கண்ணான தாமுவுக்கு,

நேற்று பிரஷர் பார்க்கப் போனபோது, பேச்சுவாக்கில் டாக்டர் பியூலாவிடம் உன்னைக் குறை சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "உங்க தம்பி நடிக்கல மாமி. சின்ன வயசுல அம்மை வந்தா, அந்தக் கிருமி ஒடம்ப விட்டுப் போறதில்ல. நரம்புல தூங்கிக்கிட்டு கெடக்கும். ஒடம்பு தளந்த பொறவு அக்கியா எந்திரிக்கும். தோலு ஆறிரும், நரம்பு ஆற சிலருக்கு மாசக்கணக்காவும். அவிய எம்புட்டு வேதனப்பட்டாகளோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நமக்குச் சேர்ந்தாற்போல் அம்மை வந்து, வேப்பிலையால் ஒருவரையொருவர் தடவிக்கொண்டு படுத்திருந்தோமே, அதைத்தான் இத்தனை வருஷமும் நீ சுமந்திருக்கிறாய். அந்த எரிச்சலோடு கல்யாணத்துக்கு வந்தவனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன். நான் பாவிடா. மன்னித்துவிடு.

அடுத்த மாதம் ஸ்ரீப்ரியா மாப்பிள்ளையோடு கனடா போகிறாள். அதற்குள் மாதவியை அழைத்துக்கொண்டு தம்பதியாக ஒருநாள் வா. உனக்குப் பிடித்த மோர்க்குழம்பு வைக்கிறேன்.

ஜயா

இராஜபாளையம்
19.6.2024

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாதவி, "போய்ட்டு வாங்கோளேன்" என்றாள். வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. சட்டை போட்டுக்கொண்டு மில்லுக்குப் போகிறேன். கவலைப்படாதே.

ஸ்ரீப்ரியாவை வழியனுப்ப மதுரை விமான நிலையத்துக்கு வந்துவிடுவேன். உன் வீட்டுக்கு வரத்தான் மனம் ஒப்பவில்லை. கோபம் இல்லை அக்கா. கூடப் பிறந்தவன் சொன்னபோது நம்பாத நீ, டாக்டர் சொன்னதும் நம்பினாய். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னமும் உனக்கு நடிகன்தானே? இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அம்மை உனக்கும் வந்ததுதான். அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறதாம், டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள். அப்படியும் வந்தால் கொப்புளம் கண்ட அன்றே போய்விடு. காவி குழைத்துப் பூசி அக்கி எழுதினால் போதும் என்று நான் நாளைக் கடத்தினேன், நீ அப்படிச் செய்யாதே. பிறகும் வலிக்கிறது என்றால் எனக்கு ஒரு வரி எழுது.

நான் நம்புவேன்.

தாமு