தொட்டி நிரப்பிய கழுதைகள்

அன்புள்ள என் நஸ்ரத்துக்கு,

காபூலில் உங்களுக்கு அல்லாஹ் காவலிருக்கட்டும். அத்தை உலர்ந்த மல்பெரிப் பழம் கொடுத்தனுப்புகிறார். லாரிக்காரன் தின்றது போக மீதி உங்களுக்கு. இங்கே பனி இறங்கிவிட்டது. எனக்கு அடுத்த மாதம் பிரசவம் என்கிறாள் மருத்துவச்சி நஜிபா.

பக்கத்து வீட்டு ஷிரின்குல் போய்விட்டாள். சண்டை ஓய்ந்தபின் வெளிநாட்டுக்காரர்கள் கட்டிக்கொடுத்தார்களே, அந்தப் பிரசவ விடுதியில்தான் பெற்றாள். குழந்தை பிழைத்தது, அவளைக் காய்ச்சல் கொண்டுபோனது. கை கழுவக்கூடத் தண்ணீரில்லாமல் பிரசவம் பார்த்தேனே என்று நஜிபா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பயத்தில் அழுகையே வரவில்லை.

அங்கே தோண்டிய கிணறு அந்த வருடமே வற்றியது உங்களுக்கும் தெரியும். கோடையில், கட்டிக்கொடுத்த நாட்டின் அரசாங்க அதிகாரிகள் கட்டடத்தைச் சோதிக்க வந்தார்கள். மொழிபெயர்க்க நீங்களும் வந்தீர்கள். முந்தின நாள் உங்கள் அப்பா ஊர்க் கழுதைகளையெல்லாம் ஆற்றுக்கு ஓட்டினார். "வந்த விருந்தாளி கை கழுவத் தண்ணியில்லேன்னா நாமெல்லாம் மனுசங்களா?" என்று கத்தி, விடுதியின் மாடித் தொட்டியை நிரப்பவைத்தார்.

அந்த அதிகாரியம்மாள் குழாயைத் திறந்தார், கொட்டியது. எப்போதும் வருமா என்று கேட்டார். "உங்க தயவுல ராவும் பகலும் வருதும்மா" என்றார் அப்பா. நீங்கள் அதை அப்படியே மொழிபெயர்த்தீர்கள். நீங்களும் அங்கேதானே கை கழுவினீர்கள், ஆற்று மணல் நெருடவில்லையா? அப்பாவை விட்டுக்கொடுக்க முடியவில்லை, புரிகிறது. புரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

புதுக் கிணறு கேட்டு மாகாண அலுவலகத்துக்குப் போன நஜிபாவிடம், "தண்ணி நல்லா வருதுன்னு வெளிநாட்டுக்காரங்களே எழுதிட்டாங்க, ஒனக்கென்னம்மா கொறைச்சல்?" என்று சிரித்தார்களாம்.

மாதக் கடைசியில் அவர்கள் மறுபடி வருவதாக நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்பா உடனே கழுதைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டார். ஷிரின்குல்லைப் புதைத்த மண் இன்னும் ஈரம். மன்றாடிப் பார்த்தேன். "விருந்தாளி முன்னாடி ஊர் மானத்த வாங்காத, மருமவளே" என்கிறார்.

சொன்ன நாளுக்கு முன்பே அவர்களைக் கூட்டிவாருங்கள். அப்பாவுக்குச் சொல்லாதீர்கள். அந்தம்மாள் குழாயைத் திறக்கட்டும், ஒன்றும் வராமல் போகட்டும். அவர் கைக்கு நானே கூஜாவில் தண்ணீர் ஊற்றுகிறேன்.

நீங்கள் செய்யமாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் பிள்ளைக்கு என்ன பெயர் என்று இப்போதே எழுதியனுப்புங்கள். கேட்டுவிட்டாவது போகிறேன்.

உங்களையும் அப்பாவையும் அல்லாஹ் மானத்தோடு வைத்திருக்கட்டும்.

உங்கள்
பல்வாஷா